செருப்பை எண்ணி ஆளைத் தொலைத்த நாள்

போன மாதம் உங்கள் வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்த கிழவன் நான்தான். மயிலாப்பூரில் வண்டி கிளம்பும்போது கைடுகளான உங்களில் ஒருவர் கையிலிருந்த போனைப் பார்த்தபடியே, "எல்லாரும் வந்தாச்சா? ரைட், ரைட்!" என்று குரல் கொடுத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நிறுத்துய்யா வண்டியை! முதல்ல தலையைத் தூக்கிப் பாருய்யா!" என்று அத்தனை பயணிகள் முன்னால் கத்திவிட்டேன். பார்த்தால் எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். பாவம், அந்த கைடு முகம் சுண்டிப்போய் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஏன் கத்தினேன் என்று சொல்லாமல் கேட்டால் அது பாதி மன்னிப்புதான். அதனால் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு சின்ன டிராவல்ஸில் கைடாக இருந்தேன். காலை எட்டரைக்கு லாட்ஜ் லாட்ஜாக ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மயிலாப்பூர் கோயில், கலங்கரை விளக்கம் பக்கம் கடற்கரை, அடையாறு ஆலமரம், கடைசியில் தி.நகர் கடைத்தெரு என்று சுற்றிவிட்டு ஒரு மணிக்குத் திரும்பவும் லாட்ஜ் வாசலில் விடுவோம். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். பரீட்சைக்குப் படித்த இந்தியும் உண்டு. மீதிக்குக் கைதான் பாஷை. கோயில் என்றால் இரண்டு கையையும் மேலே கூப்புவேன். கடல் என்றால் வலது கையை அலைபோல ஏற்றி இறக்குவேன். ஜனங்கள் சிரிப்பார்கள்.

தலை எண்ணுவதில்தான் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. ஒருமுறை ராஜஸ்தான் பக்கத்து வியாபாரி ஒருவர், நான் விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைப் பார்த்துக் கொதித்துவிட்டார். "நாங்கள் என்ன ஆடு மாடா? விரல் நீட்டி எண்ணுகிறாயே!" என்று முதலாளிவரை புகார் போயிற்று. அதற்குப் பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கோயிலுக்குப் போகும்போது எல்லோரும் செருப்பை வேனிலேயே விட்டுவிட வேண்டும். படிக்குப் பக்கத்தில் ஒரு கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் வரிசையாக வைக்கச் சொல்வேன். திரும்பி வருகிறவர்கள் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு சீட்டுக்குப் போவார்கள். சாக்கு காலியானால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். விரலும் நீட்ட வேண்டாம், யாரையும் முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். மற்ற கைடுகள் என் யுக்தியைப் பார்த்துச் சபாஷ் போட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு காலை. ராயப்பேட்டையில் ஒரு லாட்ஜ். அங்கே தங்குகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள். லாட்ஜ் மேனேஜர் ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட சேலை, தலையில் முக்காடு, கையில் ஒரு துணிப்பை.

"சார், இந்தம்மா கல்கத்தா தாண்டி ஏதோ ஊரு. வீட்டுக்காரருக்கு இன்னிக்கு மூணு மணிக்கு இருதய ஆபரேஷன். அதுக்கு முன்னாடி கோயிலுக்குப் போய் வேண்டிக்கணும்னு அழுவுது. கொழுந்தனார் ஆஸ்பத்திரில இருக்காரு. தனியா அனுப்ப முடியாது, பாஷை தெரியாது. உங்க வண்டில அனுப்பறேன். ஒரு மணிக்குக் கரெக்டா கொண்டாந்து விட்டுடுங்க."

"நானாச்சு," என்றேன். இந்த ஒரு வார்த்தையை நீங்கள் யாரும் சுலபமாகச் சொல்லிவிடாதீர்கள். என் பட்டியலில் அந்த லாட்ஜுக்கு நேராக 'ஒருவர்' என்று எழுதிக்கொண்டேன். பெயர் கேட்கவில்லை. அந்த அம்மாள் போய்க் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். வேனில் மொத்தம் பதினான்கு பேர்.

கோயிலில் கூட்டம் அதிகம். நான் கோபுரத்தைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "பத்து இருபதுக்கு எல்லோரும் வேனில் இருக்க வேண்டும். அடுத்தது கடல்," என்று கையை அலைபோல ஆட்டிக் காட்டினேன். பத்து இருபதுக்கு ஆட்கள் ஒவ்வொருவராக, சுடுகிற தரையில் குதித்துக் குதித்து வந்து சேர்ந்தார்கள். நாக்பூரிலிருந்து வந்த ஒருவருக்கு மத்தியானம் ரயில். அவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் படியில் நின்று சாக்கைப் பார்த்தேன். காலி. "ரைட், போலாம்!" என்றேன்.

கச்சேரி ரோடு வழியாக சாந்தோம் வந்தோம். இடது பக்கம் திரும்பினால் கடற்கரை, வலது பக்கம் அடையாறு. ரயில்காரர் அவசரப்படுத்தினார். வெயிலில் மணலில் யார் இறங்கப் போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். கடலை ஜன்னல் வழியாகவே காட்டிவிட்டு வலது பக்கம் திரும்பச் சொன்னேன்.

ஆலமரத்தடியில் எல்லோரும் இறங்கினார்கள். குடை எடுக்க உள்ளே திரும்பிப் போனேன். கடைசி சீட்டில் அந்தத் துணிப்பை மட்டும் கிடந்தது.

வெளியே எட்டிப் பார்த்தேன். விழுதுகளுக்கு நடுவே பதின்மூன்று பேர். சிவப்புக் கரைச் சேலை இல்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓடினேன். இல்லை. பையைத் திறந்தால் ஆஸ்பத்திரி ஃபைல், ஒரு சின்ன பர்ஸ், லாட்ஜ் அட்டை. அதாவது அந்த அம்மாள் கையில் இந்த ஊரில் தன்னை யாரென்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"ஏழுமலை! செருப்பெல்லாம் சரியா இருந்துச்சே! சாக்கு காலியா இருந்துச்சே!" என்று டிரைவரிடம் ஓடினேன்.

ஏழுமலை நிதானமாகச் சொன்னார். "செருப்பு கரெக்டாத்தான் சார் இருந்திருக்கும். அந்தம்மா ஏறசொல்லோவே வெறுங்காலுதான்."

"பார்த்தியா? ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா சார்? எனக்கு இன்னா தெரியும், நீ செருப்பை வெச்சுத்தான் ஆளை எண்றேன்னு? நீ ரைட்டுன்னே, நான் எடுத்தேன்."

மணி பதினொன்று. மூன்று மணிக்கு ஆபரேஷன். எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி முதலாளிக்கு போன் போட்டேன்.

"முதல்ல எல்லாரையும் தி.நகர்ல கொண்டு போய் விடுய்யா," என்றார் அவர். "அப்புறமா போய் மெதுவா தேடு. ஒரு ஆளுக்காக பதிமூணு பேரை நடுரோட்டுல நிக்க வைப்பியா? அந்தம்மா அங்கேயேதான் நின்னுக்கிட்டிருக்கும், எங்கே போயிடப் போகுது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ரயில்காரர் வேறு என்னை முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தி.நகர் போய் மயிலாப்பூர் திரும்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஒன்றரை மணி நேரம் பாஷை தெரியாத ஒரு பெண் நடுத்தெருவில் நிற்க வேண்டும். ஏழுமலைதான் முடிச்சை அவிழ்த்தார்.

"நீ ஆட்டோ புடிச்சு மயிலாப்பூர் போ சார். நான் இவங்கள பாண்டி பஜார்ல உட்டுர்றேன். கடையைப் பாத்தா நேரம் போறதே தெரியாது அவங்களுக்கு. அந்த ரயில்காரரை நானே ஸ்டேஷன்ல எறக்கிடறேன். நீ கெளம்பு."

முதலாளி வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும் என்று ஆட்டோவில் ஏறினேன். அவசரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பாதியை உங்கள் டிரைவர்தான் எடுத்துத் தருவார். அவரோடு சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள்.

மயிலாப்பூரில் இறங்கியதும் நேராகக் கோயிலுக்குள் ஓடினேன். சந்நிதி, பிராகாரம், நந்தவனம், மயில் கூண்டு என்று ஒன்று விடவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? "அம்மா!" என்று கத்தினேன். அங்கிருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாமி, "யாரைத் தேடறேள்?" என்று கேட்டார். "ஒரு பெங்காலி அம்மா, சிவப்புக் கரைச் சேலை," என்றேன். அந்த மாமி பாவம், தன் பங்குக்கு அம்மன் சந்நிதிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்.

மேலக் கோபுர வாசலுக்குப் போய்க் குளத்தை எட்டிப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், குளத்தைத்தான் எட்டிப் பார்த்தேன். மனசு அப்படியெல்லாம் போகிறது. பன்னிரண்டரைக்கு நடை சாத்தி எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். மறுபடி வேன் நின்ற இடத்துக்கு ஓடினேன். யாரும் இல்லை. மாட வீதி நான்கையும் சுற்றினேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக்கொள்கிறவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"பேரு?"

"தெரியல சார்."

"வயசு?"

"நாப்பது… இருக்கும்."

"ஊரு?"

"கல்கத்தா தாண்டி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வண்டில வந்த ஆளுதானே சார்?" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அங்கிருந்து வெளியே வந்து லாட்ஜுக்கு போன் போட்டேன். அந்த அம்மாள் அங்கே வரவில்லை. மேனேஜர், "ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார்.

இதுதான் அன்றைய தினத்தின் மிகக் கஷ்டமான கேள்வி. சொன்னால், இருதயத்தில் கோளாறோடு படுத்திருக்கும் மனிதர் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால், குடும்பத்திடம் மறைத்த பாவி ஆவேன். மறைத்துவிடலாம், இன்னும் அரை மணியில் கிடைத்துவிடுவார் என்று ஒரு மனசு கெஞ்சியது. "கொழுந்தனாரை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொல்லுங்க," என்றேன். "என் தப்புன்னு சொல்லுங்க. பேஷண்ட் காதுக்குப் போகக் கூடாது. தேடிக்கிட்டிருக்கேன், மூணு மணிக்குள்ள நானே வர்றேன், அந்தம்மாவோடயோ இல்லாமலோ." கெட்ட செய்தியை நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முறையாக வேன் நின்ற முனைக்கு வந்தேன். மணி ஒன்றேகால். அங்கே நிழலுக்குக் கோணி கட்டிக்கொண்டு ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவர்தான் என்னை அதட்டி நிறுத்தினார்.

"இன்னா சார், ரெண்டு வாட்டி என்னைத் தாண்டி ஓடிக்கினே கீறியே, நின்னு ஒரு வார்த்த கேட்டியா? அந்த வடநாட்டு அம்மாவைத்தானே தேடுற?"

எனக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா?"

"பாக்காம? உன் வண்டி பின்னாலயே கத்திக்கினு ஓடிச்சு பாவம். வண்டி நிக்கல. திரும்பி வந்து என்னாண்ட என்னமோ கேட்டுச்சு. அந்த பாஷை எனக்கு இன்னா தெரியும்? கையை இப்படி இப்படி ஆட்டிச்சு. தண்ணி கேக்குதுன்னு கொளத்தைக் காட்டினேன். இல்ல இல்லன்னு தலையை ஆட்டிட்டு அப்படியே கிழக்கால போயிடுச்சு."

பூக்காரம்மா வலது கையை ஏற்றி இறக்கிக் காட்டினார். அது என் கை. தினமும் வேனில் நின்று நான் காட்டுகிற அலை.

அட முட்டாளே! அடுத்தது கடல் என்று சொன்னவன் நீதானே? சொன்ன இடத்துக்கு அந்த அம்மாள் போயிருக்கிறார். போகாமல் விட்டவன் நீ. இரண்டு மணி நேரமாக நான் விட்ட இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறேன், அவரோ நான் வருவேன் என்ற இடத்தில் காத்திருக்கிறார். ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறினவர்களைத் தேடும்போது அவர்களிடம் கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று முதலில் யோசியுங்கள்.

ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கலங்கரை விளக்கத்துக்கு விடச் சொன்னேன். அங்கிருந்து கடற்கரையோரமாக நின்ற ஒவ்வொரு வேனையும் பஸ்ஸையும் பார்த்துக்கொண்டே போனோம். மத்தியான வெயிலில் ஈ காக்கை இல்லை. மணி இரண்டைத் தொடும்போது ஒரு டூரிஸ்ட் பஸ்ஸின் நிழலில் சிவப்புக் கரை தெரிந்தது. அந்த அம்மாள் ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வேன் நீல நிறம். எந்த நீல வண்டி வந்தாலும் நிழலை விட்டு வெளியே வந்து பார்த்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆட்டோவில் பார்த்தேன், பாதமெல்லாம் கொப்புளம். என் செருப்பைக் கழற்றி நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பையிலிருந்த ஃபைலைத் தொட்டுக் காட்டினார், நெஞ்சைத் தொட்டார், வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். புருஷன் நல்லபடியாக எழுந்து வரும்வரை செருப்புப் போடுவதில்லை என்று வேண்டுதல். எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று.

ராதாகிருஷ்ணன் சாலையில் யாரோ பெரிய மனிதர் போகிறார் என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இரண்டே கால், இரண்டு இருபது. ஆட்டோ டிரைவர் இறங்கிப் போய்க் கான்ஸ்டபிளிடம் கெஞ்சினார், நடக்கவில்லை. அந்த அம்மாள் இடது கையை இறுக மூடி மடியில் வைத்திருந்தார். இரண்டரைக்கு வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரி மாடியில் லிஃப்டுக்கு எதிரே ஸ்ட்ரெச்சர் நின்றது. தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தாயிற்று. படுத்திருந்தவர் தலையைத் திருப்பித் திருப்பிப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாள் ஓடிப்போய் மூடியிருந்த கையைத் திறந்தார். உள்ளே கோயில் குங்குமம், காகிதத்தோடு வியர்வையில் ஊறிப் பிசைந்துபோய் இருந்தது.

"அம்மா, நெத்தியில எல்லாம் வைக்கக் கூடாது, உள்ள போற நேரம்," என்றார் நர்ஸ்.

பாஷை புரியாவிட்டாலும் அது புரிந்தது. அந்த அம்மாள் கணவரின் கால்மாட்டுக்குப் போய் இரண்டு பாதத்தையும் தொட்டுக் கும்பிட்டார். விரலில் இருந்த குங்குமம் அங்கே ஒட்டிக்கொண்டது. நர்ஸ் அதைப் பார்த்தார், போர்வையை இழுத்து மூடினார். லிஃப்ட் கதவு சாத்திக்கொண்டது.

நான் போகவில்லை. எங்கே போவது? பெஞ்சில் உட்கார்ந்தேன். கொழுந்தனார் எனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவே உட்கார்ந்தார். சின்ன வயதுக்காரர், இந்தி பேசுவார். அண்ணி மெல்லிய குரலில் ஏதோ சொல்ல, அவர் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. வேன் கிளம்பறப்ப இவங்க பத்தடி தூரத்துல கையை ஆட்டிக்கிட்டே வந்தாங்களாம். நீங்க படியில நின்னு கீழேயே பார்த்துக்கிட்டிருந்தீங்களாம். நிமிரவே இல்லையாம். கீழே அப்படி என்னத்தைத் தொலைச்சீங்கன்னு கேக்கறாங்க."

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவரிடம் சாக்கையும் செருப்பையும் பற்றி எந்த வாயால் சொல்வது? கையைக் கூப்பினேன். அப்புறம் கொழுந்தனாரிடம், காலையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "அண்ணி பேர் என்ன?"

"ஷெபாலி."

ஆறு மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார். அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு போன் செய்தேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்தக் கோணிச்சாக்கை மறுநாள் ஏழுமலையிடம் வண்டி துடைக்கக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து வேலையை விடும்வரை, வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு சீட்டாகப் போய் நின்று, முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் ரைட் சொன்னேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் கோபம் வருவதில்லை. அந்த ராஜஸ்தான் வியாபாரிக்குக்கூட வந்திருக்காது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டார். அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றார். போனேன். வாசலில் நாற்காலி போட்டு அந்த மனிதர் மெலிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து ஷெபாலி அம்மாள் வந்தார். வந்தவர் என் எதிரில் நின்று வலது காலை லேசாக முன்னால் நீட்டினார். புது ரப்பர் செருப்பு, நீல வார். அதைச் சுட்டிக் காட்டினார், பிறகு என்னைக் காட்டினார், பிறகு ஒரு விரலை உயர்த்தினார். கொழுந்தனார் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழுமலை, சாக்கு, செருப்பு என்று எல்லாக் கதையையும் கைஜாடையிலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார், படுபாவி.

"இப்ப தன்னையும் எண்ணச் சொல்றாங்க," என்றார் கொழுந்தனார்.

நான் செருப்பைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஷெபாலி அம்மா," என்றேன். "வந்தாச்சு."